கழுத்து இணைப்பு

காசிமேட்டில் பைபர் படகுக்கு ஒட்டுப் போடுகிறவள் நான்.
ரெசின் நாற்றம் சோறு வரை வரும்.
ரிப்பேருக்காகக் கப்பல் நின்ற நாற்பது நாளில்
ஒருவன் தினமும் என் கொட்டகை வாசலுக்கு வந்தான்.
எஞ்சின் அறையில் எண்ணெய் பார்க்கிற வேலை,
கானா நாட்டுக்காரன்.
பெயர் க்வாபெனா. செவ்வாயில் பிறந்தால்
அங்கே அதுதான் பெயராம்.
இங்கே செவ்வாய் என்றால் பெண் தர யோசிப்பார்கள் என்றேன்.
அங்கேயும் இன்னும் தரவில்லை என்று சிரித்தான்.

பன்னிரண்டாம் நாள்
கவிழ்த்து வைத்த படகின் வயிற்றில்
சாக்பீஸால் ஒரு சைக்கிள் வரைந்தான்.
குழாய் வரவேண்டிய இடத்திலெல்லாம்
கணு போட்டான்.

மூங்கில் எங்கள் ஊரில் சும்மா கிடக்கிறது, என்றான்.
இரும்பு சைக்கிள் என் தங்கைக்கு ஐந்து மாதச் சம்பளம்.
தடுப்பூசிப் பெட்டியைத் தலையில் வைத்து
ஒன்பது ஊர் நடக்கிறாள் அஃபுவா.
ஏழாவது ஊரில் ஐஸ் தீர்ந்துவிடுகிறது.

மீதி இரண்டு ஊரும்
அன்று ராத்திரி என் பாயில் வந்து படுத்துக்கொண்டன.

மூலக்கொத்தளம் மூங்கில் மண்டியில்
அப்துல் கறீம் கேட்டார்:
"இன்னாம்மா, பந்தலா, பாடையா?"
சைக்கிள் என்றேன்.
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.
பிறகு ஒவ்வொரு கழியையும் விரல் முட்டியால் தட்டி
மணிபோல் பதில் சொன்னதை மட்டும்
தனியே எடுத்து வைத்தார்.

காயலான் கடையில் சக்கரம், செயின், ஹேண்டில்பார்.
கோணி பிரித்த நூல்.
நூலை ரெசினில் முக்கி
மூட்டுக்கு மூட்டு சுற்றினோம்,
அதன்மேல் பழைய டியூபை வெட்டி இறுக்கினோம்.
இன்னும் இறுக்கு, இன்னும்.
காற்று தங்கிய இடத்தில்தான் படகு பிளக்கும்;
சைக்கிளுக்கு மட்டும் வேறு சட்டமா?

கூலி சேர்க்காமல் ஆயிரத்து நூற்றிருபது ரூபாய்.
கூலியை அவன் எழுதச் சொன்னான்.
எழுதினேன், பிறகு அடித்தேன்,
மறுபடி எழுதினேன்.
இலவசத்தில் செய்தால் அங்கே ஒருத்தரும்
இதைத் தொழிலாகச் செய்ய முடியாது என்றான்.

தண்ணி லாரியில் பிடித்த நாலு குடத்தோடு
எண்ணூர் நெடுஞ்சாலையில் இறக்கினோம்.
கன்டெய்னர் லாரிகள் தோண்டிய பள்ளம்,
முதல் மூன்றும் தாண்டியது.
நான்காவதில்
கழுத்து இணைப்பு வாய் பிளந்தது.
விடியற்காலை நாலு மணிக்கு வரிசையில் நின்று பிடித்த தண்ணீர்
ரோட்டில் ஓடியது.
அதில் இரண்டு குடம் அமுலுவுடையது.
அவள் அன்று திட்டியதை எழுத மாட்டேன்.

அடுத்ததில் நூலைக் குறுக்கே சுற்றினேன்,
தாடை உடைந்தவனுக்குக் கட்டுப் போடுவதுபோல.
நாலு குடம். பிறகு ஆறு.
பிறகு அமுலுவே ஏறி உட்கார்ந்தாள்,
"போடா, மிதி."
க்வாபெனா திருவொற்றியூர் வரை மிதித்தான்.

அனுப்பத்தான் முடியவில்லை.
மூங்கிலென்றால் புகை போடணும், சான்றிதழ் வேணும்,
அந்தச் செலவில் மூன்று சைக்கிள் செய்யலாம் என்றார் ஏஜென்ட்.
பொருள் என்ன என்ற கட்டத்தில்
"கட்டுமரம், சக்கரம் வைத்தது" என்று
நான் நிரப்பியிருந்ததை
அவர் ரசிக்கவில்லை.

கப்பல் கிளம்பும் நாளில்
அவனிடம் ஒரு கயிறு கொடுத்தேன்.
ஒவ்வொரு கழியின் நீளத்துக்கும் ஒரு முடிச்சு,
கழுத்துக்கு மட்டும் இரட்டை முடிச்சு.
இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டினான்.
கயிற்றுக்கு யாரும் வரி கேட்கவில்லை.

ஐந்து மாதம்.
சைக்கிள் அமுலுவிடம் இருக்கிறது,
வாங்கினாள் என்று சொல்ல முடியாது.

நேற்று போனில் ஒரு குரல்,
எனக்குப் புரியாத பாஷை, காற்று, நடுவே ஒரு ஆடு.
கீழே அவன் எழுதியிருந்தான்:
அஃபுவா பேசுகிறாள்.
கழுத்தில் விரிசல், அதே இடம்.
எட்டாவது ஊருக்குப் போகிற ஏற்றத்தில்.

விரிசலைப் பற்றித்தான் முதலில் கவலைப்பட்டேன்.
பதில் பேச ரெக்கார்டை அழுத்திய பிறகுதான்
அந்த எண் காதில் விழுந்தது.
எட்டு.

இன்னும் இரண்டு சுற்று போடம்மா, என்றேன் தமிழிலேயே,
குறுக்காக.
காற்றை உள்ளே விடாதே.